வாளிக்குள் ஒரு தலையணை

மேசைமேல் லேப்டாப் ஆடிக்கொண்டிருந்தது.

இடது பக்கத்து எழுத்தைத் தட்டினால் இடப்பக்கம் சாய்ந்தது. வலது பக்கத்து எழுத்தைத் தட்டினால் வலப்பக்கம் சாய்ந்தது. டைம்டேபிள் சார் முதலில் மேசையைச் சந்தேகப்பட்டு அதைச் சுவரோரம் தள்ளிப் பார்த்தார். பிறகு தரையைச் சந்தேகப்பட்டார். கடைசியில் ஒரு அட்டையை நாலாக மடித்து லேப்டாப்புக்கு அடியில் செருகினார். ஆட்டம் நின்றது. ஒரு மணி நேரம் கழித்து அட்டையோடு சேர்ந்து ஆட ஆரம்பித்தது.

அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஒன்பது வருடமாகப் பள்ளியின் டைம்டேபிள் போடும் வேலை அவர் தலையில்தான் விழுந்தது. அதனால் பெயரே அப்படி ஆகிவிட்டது. முப்பத்தெட்டு ஆசிரியர்கள், இருபத்திரண்டு வகுப்புகள், ஒரே ஒரு ஆய்வகம். சாப்பாட்டுக்கு அடுத்த பீரியடில் ஓட மாட்டேன் என்பார் உடற்பயிற்சி ஆசிரியர். இரண்டு வரலாற்று ஆசிரியர்கள் வராந்தாவில்கூட ஒருவரையொருவர் பார்த்துவிடக் கூடாது. இத்தனையும் அந்த லேப்டாப்புக்குள் இருந்தது. இன்று சனிக்கிழமை. திங்கள் காலை ஒப்படைக்க வேண்டும்.

மத்தியானத்துக்குள் டச்பேட் அழுந்த மறுத்தது. விசைப்பலகையின் நடுப்பகுதி சாலையில் போட்ட வேகத்தடை மாதிரி தூக்கிக்கொண்டது. சார் லேப்டாப்பை மூடினார். அது மூடிக்கொள்ளவில்லை. எட்டாம் வகுப்பு விடைத்தாள் கட்டைத் தூக்கி மேலே வைத்தார். அது போதாமல், இஸ்திரிப் பெட்டியையும் எடுத்து வைத்தார்.

உள்ளே வந்த மனைவி வாசலிலேயே நின்றாள்.

“ஏங்க, லேப்டாப்புக்கு இஸ்திரி போடறீங்களா?”

“சூடெல்லாம் பண்ணல. வெயிட்டுக்கு வெச்சேன்.”

“எதுக்கு வெயிட்?”

“நடுவுல கொஞ்சம் வீங்கியிருக்கு.”

“எனக்கும்தான் முட்டி வீங்கியிருக்கு. மேல ஏறி உக்காருவீங்களா?”

அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். தினமும் எட்டு மணி நேரம் ஒலிபெருக்கியில் பேசிப் பேசி, வீட்டில் சாதாரணமாகப் பேசினாலே மூன்று வீடு தள்ளிக் கேட்கும். அவள் சும்மா இருந்திருந்தால் விஷயம் அங்கேயே கொஞ்ச நேரம் கிடந்திருக்கும். அவள் தம்பிக்குப் போன் போட்டாள்.

தம்பி ஏசி மெக்கானிக். ஏசியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கழற்றிப் பார்ப்பதில்தான் அவனுக்கு ஆர்வம். பத்தே நிமிடத்தில் பையோடு வந்துவிட்டான்.

“பதினோரு ஸ்க்ரூ மாமா. அஞ்சு நிமிஷம்.”

“உனக்கு லேப்டாப் தெரியுமா?”

“ஏசியவிட சின்னதுதானே?”

இந்தப் பதிலில் இருந்த ஓட்டையை சார் கண்டுபிடிப்பதற்குள் அடிமூடி கழன்றுவிட்டது. உள்ளே, கறுப்பு உறை போட்ட மூன்று தட்டைப் பேட்டரிப் பொட்டலங்கள் ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாகப் படுத்திருந்தன. ஓரத்தில் இருந்த இரண்டும் ஒல்லியாக இருந்தன. நடுவில் இருந்தது, பொம்மைக்குத் தைத்த தலையணை மாதிரி கொழுகொழுவென்று உப்பியிருந்தது.

மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

“காத்து புடிச்சிருக்கு,” என்றான் மைத்துனன், டாக்டர் தோரணையில். “நெம்பி வெளிய எடுத்து, லேசா ஒரு ஓட்டை போட்டா அடங்கிடும்.”

“டேய், ஓட்டை கீட்டை போடாத...”

ஸ்க்ரூடிரைவர் முனை ஏற்கெனவே அடியில் போயிருந்தது. நடுவில் இருந்த பேட்டரி மட்டும் ஒயரோடு பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது. கூடவே ஒரு சத்தமும் வந்தது.

‘உஸ்ஸ்...’

மைத்துனன் கையை உதறினான். பேட்டரி தரையில் விழுந்தது. அறை முழுக்க ஒரு தித்திப்பான வாசனை பரவியது.

“யாரு நெயில் பாலிஷ் போட்டது?” என்றார் சார்.

“இந்த வீட்ல நெயில் பாலிஷே கிடையாது,” என்றாள் மனைவி.

மூவரும் தரையைப் பார்த்தார்கள். வாசனை அங்கிருந்துதான் வந்தது.

மனைவி ஜன்னலைப் படாரென்று திறந்தாள். நெருக்கடி வந்தால் அவளுக்குக் குரல் தானாக ஒலிபெருக்கித் தமிழுக்கு மாறிவிடும். “அனைவரும் அறையை விட்டு உடனடியாக வெளியேறவும். உடைமைகளை எடுப்பதற்காகக் காத்திருக்க வேண்டாம்!”

வெளியேறினார்கள். சார் மட்டும் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். அதற்கும் ஒரு திட்டு விழுந்தது.

கதவிடுக்கு வழியாகப் பார்த்தபடி மைத்துனன் அடுத்த யோசனைக்குத் தாவினான். “கூலிங் குடுத்தா சரியாயிடும்க்கா. ஃப்ரீசர்ல வெச்சிடுவோமா?”

“உன்னைத் தூக்கி ஃப்ரீசர்ல வெக்கிறேன்.”

“தண்ணி?”

“வாயை மூடு.”

சார் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தார். எடுத்த பெண்மணி நிதானமாகக் கேட்டாள். “சார், குத்தினீங்களா?”

சார் மைத்துனனைப் பார்த்தார். “லேசா.”

“எல்லாருமே லேசாத்தான் சார் குத்தறாங்க. புகை வருதா?”

“இல்ல. வாசனை வந்துச்சு. இப்ப குறைஞ்சிருக்கு.”

“சரி. கையால தொடாதீங்க, அமுக்காதீங்க, மறுபடி குத்தாதீங்க. குப்பைத் தொட்டில போட்டுடாதீங்க. குப்பை லாரி பத்திக்கிட்டா அதுக்கும் நாங்கதான் ஓடணும். ஒரு இரும்பு வாளியில காஞ்ச மணல் போட்டு, அதுக்குள்ள வெச்சு, வெட்டவெளியில, பத்திக்கிற பொருள் எதுவும் இல்லாத இடத்துல வைங்க. தள்ளி நின்னு ரெண்டு மணி நேரம் பாருங்க. சூடோ, புகையோ, சத்தமோ வந்தா கிட்ட போகாதீங்க, எங்களக் கூப்பிடுங்க. அமைதியா இருந்தா சேகரிப்பு மையத்துல கொண்டு போய்க் கொடுங்க. நோட்டீஸ் எல்லாக் கட்டடத்துக்கும் அனுப்பியிருக்காங்க, அதுல நம்பர் இருக்கும்.”

சார் எல்லாவற்றையும் சுவரில் மாட்டிய நாட்காட்டியில் எழுதிக்கொண்டார். கை நடுங்கியதில் ‘மணல்’ என்பது ‘மரணம்’ மாதிரி விழுந்திருந்தது. அதைப் பார்த்து மேலும் கொஞ்சம் நடுங்கினார்.

வாளி இருந்தது. காய்ந்த மணல்தான் இல்லை. முந்தின நாள் பெய்த மழையில் தெருவில் கொட்டிக் கிடந்த மணல் முழுவதும் சொதசொதவென்று ஊறிக் கிடந்தது. மைத்துனன் கீழே ஓடினான். தோளில் ஒரு மூட்டையோடு திரும்பி வந்தான்.

“என்னடா இது?”

“பூனை மண்ணுக்கா. கீழ்வீட்டுச் சங்கச் செயலாளர் பூனை ஒண்ணுக்கு போறதுக்கு வாங்கி வெச்சிருக்காரு. புது மூட்டை. காஞ்சு கெடக்கு.”

“கேட்டியா?”

“யார்கிட்ட, பூனைகிட்டயா?”

வாதாட நேரமில்லை. மனைவி பாதி மூட்டையை வாளியில் கொட்டினாள். குப்பை அள்ளும் தகரத் தட்டை அங்குலம் அங்குலமாகப் பேட்டரிக்கு அடியில் நகர்த்தினாள். சார் கண்ணை மூடிக்கொண்டார். திறந்து பார்த்தபோது தலையணை மண்ணுக்குள் படுத்திருந்தது. மேலே இன்னும் இரண்டு கை மண்ணைத் தூவினார்கள். வாளியை மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய் நட்ட நடுவில் வைத்துவிட்டு, மூவரும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள்.

ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. சாருக்கு லேசாக மூச்சு வந்தது.

அப்போதுதான் துரை வந்தது.

துரை என்பது செயலாளரின் பூனை. வெள்ளையாக, பருமனாக, நடையில் யாரையும் மதிக்காத தோரணையோடு இருக்கும். தன்னுடைய மண்ணின் வாசனை மூன்று மாடி ஏறி எங்கே போயிருக்கிறது என்று விசாரித்துக்கொண்டே வந்திருக்கிறது. நேராக வாளியிடம் போனது. விளிம்பில் இரண்டு முன்னங்கால்களையும் வைத்து உள்ளே எட்டிப் பார்த்தது.

“போ! ச்சூ!” என்றார் சார் குரலே வெளிவராமல்.

துரை ஒரே தாவலில் வாளிக்குள் போய் நின்றது. நின்று, தோண்ட ஆரம்பித்தது.

“மாமா, அது பேட்டரிய வெளிய எடுக்குது!”

“கத்தாதடா! பயந்தா நகத்தை வெச்சிடும்!”

படியில் தடதடவென்று காலடிச் சத்தம். கட்டடச் சங்கத்தின் செயலாளர் மேலே வந்து சேர்ந்தார். கையில் பூனை மண் போடும் காலித் தட்டு. “யாரு என் பூனை மண்ணை எடுத்தது? பொதுவெளியில தனியார் பூனைப் பொருளைப் பயன்படுத்தக் கூடாதுன்னு...”

“அசையாதீங்க சார்,” என்றார் கணக்கு வாத்தியார். “உங்க பூனை ஒரு பேட்டரி மேல நிக்குது.”

“என்ன பேட்டரி?”

“குத்தின பேட்டரி.”

செயலாளர் விதி எண்ணைச் சொல்வதற்காகத் தூக்கிய விரல் தூக்கியபடியே நின்றது. மெல்ல நடந்து வந்து, தொட்டிக்குப் பின்னால் நாலாவது ஆளாக உட்கார்ந்துகொண்டார்.

துரை தோண்டி முடித்தது. திரும்பி நின்றது. வாலை உயர்த்தியது.

“ஐயய்யோ,” என்றான் மைத்துனன். “ஈரம் படக் கூடாதே!”

நாலு பேரும் அந்த வாலையே பார்த்தார்கள். முப்பத்தெட்டு ஆசிரியர்களைச் சமாளித்த மூளை இப்போது வேலை செய்யவில்லை. சார் வாயைத் திறந்தபடி இருந்தார். அவருடைய மனைவி மட்டும் எழுந்தாள். தண்ணீர்த் தொட்டியின் தகர மூடியைத் தூக்கி, ஒரே ஒரு தடவை, டமாரென்று தட்டினாள். கூடவே, பேருந்து நிலையமே நிமிர்ந்து பார்க்கும் குரலில், “வெள்ளைப் பூனை உடனடியாக இறங்கவும்!”

துரை அப்படியே செங்குத்தாக மேலே எழும்பி, காற்றிலேயே திசை மாறி, படிக்கட்டில் மறைந்தது.

எட்டிப் பார்த்தார்கள். வாளியின் ஓரத்தில் ஒரு இடத்தில் மண் உருண்டை பிடித்திருந்தது. அதற்கு நாலு விரற்கடை தள்ளி, பேட்டரியின் மூலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. புகை இல்லை. செயலாளர் கீழே போய், இன்னொரு புது மூட்டையை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். உருண்டையை நீளக் கரண்டியால் எடுத்துவிட்டு, புது மண்ணைக் கொட்டினார்கள்.

இன்னும் ஒரு மணி நேரம் பேட்டரி சத்தமில்லாமல் கிடந்தது. செயலாளர் அப்படியிருக்கவில்லை.

“இந்த வாளி உடனே இந்தக் கட்டடத்தை விட்டுப் போகணும். சங்க விதி.”

“எத்தனாவது விதி சார்?”

“இப்ப போடப் போற விதி.”

மாடிப்படியின் அறிவிப்புப் பலகையில் நோட்டீஸ் இருந்தது. ‘பழுதடைந்த பேட்டரிகளை எங்களிடம் பத்திரமாக ஒப்படையுங்கள். உடனே அழையுங்கள்.’ கீழே ஒரு தொலைபேசி எண். முகவரி எதுவும் போடவில்லை. சார் அழைத்தார். இரண்டாவது மணியிலேயே ஒரு ஆண் குரல் எடுத்தது.

“நோட்டீஸ் பாத்துக் கூப்பிடறேங்க. தலையணை மாதிரி உப்பிப் போச்சு.”

“ஒண்ணா, ஜோடியா?”

“ஒண்ணுதாங்க. லேப்டாப்புல இருந்தது.”

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. “ஓ, பேட்டரியா. சரி, சொல்லுங்க. குத்தினீங்களா?”

“லேசா.”

“எத்தனை மணிக்கு?”

“மூணு மணி நேரம் ஆச்சு.”

“புகை, சூடு?”

“இல்ல.”

“மணல்ல இருக்கா? காஞ்ச மணலா?”

“பூனை மண்ணுங்க.”

“அதுவும் நல்லதுதான். பூனை?”

“வந்துச்சு. போயிடுச்சு.”

குரல் ஒரு கணம் யோசித்தது. “வாளியை மூடறதா இருந்தா இறுக்கி மூடாதீங்க, காத்து போக வழி இருக்கணும். வெயில்ல வைக்காதீங்க. பெட்டி மாதிரி மூடின வண்டில போட்டுக் கொண்டாராதீங்க.” பிறகு வழி சொன்னது. “பின்பக்கச் சந்துல பச்சை கேட்டு. முன்பக்கமா மட்டும் வந்துடாதீங்க.”

“முன்பக்கம் வந்தா என்னங்க?”

“வரவேண்டாம்னு சொல்றேன்ல!” என்றது குரல். அதில் உண்மையான நடுக்கம் இருந்தது.

போனை வைத்த சார் நெகிழ்ந்துபோயிருந்தார். “என்ன பொறுப்பான ஆளு பாரு. நாமளே கொண்டு போய்க் கொடுத்துடுவோம்.”

முதலில் வாடகைக் காரை நிறுத்தினார்கள். ஜன்னல் எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் போகலாம் என்பது சாரின் திட்டம். ஓட்டுநர் கண்ணாடியில் வாளியைப் பார்த்தார்.

“அதுல என்ன சார்?”

பொய் சொல்வது சாருக்கு வராது. “பேட்டரி. கொஞ்சம் வீங்கியிருக்கு. வெடிக்காது, அநேகமா.”

‘அநேகமா’ என்ற சொல் காற்றில் இருக்கும்போதே கார் தெருமுனையைத் திரும்பிவிட்டது.

“அந்த ‘அநேகமா’ எதுக்குங்க?” என்றாள் மனைவி.

“நிகழ்தகவு பூஜ்யம்னு எப்படிச் சொல்றது?”

“என் வண்டி இருக்கே மாமா!” என்றான் மைத்துனன். “பின்னாடி திறந்த வண்டிதானே!”

வண்டியைப் போய்ப் பார்த்தார்கள். பின்னால் நாலு உருளைகள் படுத்திருந்தன.

“இது என்ன?”

“ஏசி கேஸ்.”

“இது?”

“பத்தவைக்கிற கேஸ்.”

“அது?”

“அதுவும் பத்தவைக்கிறதுதான். ஆனா பாதிதான் இருக்கு.”

சார் வாளியைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

ஊர்வலம் இப்படிப் போனது: முன்னால் மனைவி, “பாதசாரிகள் ஒதுங்கி வழிவிடவும்” என்று சொல்லிக்கொண்டே. நடுவில் சார், உடம்பிலிருந்து முடிந்தவரை தள்ளி வாளியை நீட்டிப் பிடித்தபடி, இரண்டு கையும் வலித்து, முகத்தில் ரத்தமே இல்லாமல். பின்னால் மைத்துனன், மிச்சப் பூனை மண் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு. தெருவில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. எல்லோரும் ஒதுங்கினார்கள். ஒரு சைக்கிள்காரர் இறங்கியே நின்றுவிட்டார்.

மருந்துக் கடை வாசலில் தலைமையாசிரியை எதிர்ப்பட்டார்.

“சார்! நல்லவேளை பாத்தேன். டைம்டேபிள் எங்க இருக்கு?”

சாரின் மூளையில் அந்த நேரத்தில் ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. “வாளியில இருக்கும்மா.”

தலைமையாசிரியை வாளிக்குள் எட்டிப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் பொடிப் பொடியாக மண். பிறகு மூட்டையைப் பார்த்தார். மூட்டையின் மேல் சிரிக்கும் பூனைப் படம். பிறகு சாரின் முகத்தைப் பார்த்தார்.

“கிட்ட வராதீங்கம்மா,” என்றார் சார் கெஞ்சலாக. “எந்த நேரத்துல என்ன ஆகும்னு எனக்கே தெரியாது.”

தலைமையாசிரியை இரண்டடி பின்வாங்கினார். அவர் கண் கலங்கிவிட்டது. “தப்பு எங்க மேலதான் சார். ஒன்பது வருஷமா ஒருத்தர் தலையிலயே கட்டினோம். நீங்க ஒரு வாரம் ரெஸ்ட் எடுங்க. டைம்டேபிளை இனிமே வேற யாராவது பாத்துப்பாங்க.”

ஒன்பது வருடமாக மனு எழுதியும் கிடைக்காத விடுதலை நடுத்தெருவில் கிடைத்தது. சந்தோஷப்படக்கூட நேரமில்லை. ஏனென்றால் அப்போதுதான் வாளியில் ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

மைத்துனன் மருந்துக் கடைக்குள் பாய்ந்தான். தலைமையாசிரியை எதிர்ப்பக்கம் ஓடினார். ஓடக்கூட வழியில்லாதவர் சார் ஒருவர்தான். வாளி அவர் கையில் இருந்தது. கீழே போட்டால் வெடிக்குமோ, பிடித்திருந்தால் வெடிக்குமோ என்று கணக்குப் போட்டபடி சிலையாக நின்றார். முப்பது நொடி. ஒரு நிமிடம்.

மனைவி குனிந்து பார்த்தாள். “வாளிக் காதுங்க. ஒரு பக்கம் கழண்டிருக்கு.”

மீதி வழி முழுக்க வாளியை அடியில் பிடித்து, குழந்தையைத் தூக்குவது போல் தூக்கிக்கொண்டு போனார் சார். முடிந்தவரை தள்ளிப் பிடிப்பது என்ற திட்டம் அதோடு முடிந்தது. தித்திப்பு வாசனை நேரே மூக்கில் அடிப்பதாகத் தோன்றியது. அது வாசனைதானா பயம்தானா என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பச்சை கேட் திறந்தே இருந்தது. உள்ளே சிமென்ட் போட்ட அகலமான முற்றம்; ஒரு புல்பூண்டு இல்லை. நடுவில் செங்கல் மேல் செங்கலாக மேடை கட்டி, தகர டப்பாக்களை ஒன்றுக்கொன்று ஒரு கை தூரம் விட்டு வைத்திருந்தார்கள். மேலே வெயில் படாமல் தகரக் கூரை. நாலு மூலையிலும் மணல் வாளி, தீயணைப்பு உருளை. முற்றத்துக்கும் முன்பக்கக் கட்டடத்துக்கும் நடுவே ஆளுயரத்தில் புதுச் சுவர். சார் இதுவரை பார்த்த ஆய்வகம் எதுவும் இத்தனை ஒழுங்காக இருந்ததில்லை.

சுமார் ஐம்பது வயதில் ஒருவர், தோல் கையுறையும் கண்ணுக்குப் பெரிய கண்ணாடியுமாக நின்றிருந்தார். தலைமுடியிலும் மீசையிலும் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. தீயணைப்புப் பொடியாக இருக்கும் என்று நினைத்ததும் சாருக்கு அவர்மேல் மரியாதை கூடிவிட்டது.

அவர் அப்போது வேறொரு பெண்ணைக் கடிந்துகொண்டிருந்தார். அவள் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. கையில் ஒரு பெட்டி.

“மூடிய மறுபடி இறுக்கிட்டு வந்திருக்கீங்க! உள்ள காத்து சேந்தா எங்க போகும்? போன வாரமும் சொன்னேன்ல?”

“மன்னிச்சுக்குங்கண்ணே. புதுப் பையன் மூடிட்டான்.”

“எல்லாத்தையும் ஒரே பெட்டில வேற போட்டிருக்கீங்க. ஒண்ணு பத்தினா மொத்தமும் பத்தும். தனித்தனியா வைங்க.” திரும்பினார். “பூனை மண் சார் நீங்கதானா? வாங்க. மெதுவா. அந்தக் கோட்டுக்கு வெளியில வெச்சிட்டுத் தள்ளி நில்லுங்க.”

சார் வைத்தார். வலித்த கைகளை உதறிக்கொண்டார். அந்த மனிதர் வாளிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, புறங்கையைக் கிட்டே கொண்டுபோய் சூடு இருக்கிறதா என்று பார்த்தார். நீளமான மர இடுக்கியால் பேட்டரியை மண்ணிலிருந்து மெல்லத் தூக்கினார். பிய்ந்த ஒயர் நுனிகள் ஒன்றையொன்று தொடாதபடி ஒவ்வொன்றின் மேலும் டேப் ஒட்டினார். தனியாக ஒரு டப்பாவில் காய்ந்த மணல் கொட்டி, அதற்குள் படுக்க வைத்து, மேலும் மணல் போட்டு, மூடியைப் பட்டும் படாமல் வைத்தார். காதில் செருகியிருந்த ஒரு நீலச் சாக்குக்கட்டியை எடுத்து டப்பாவின் மேல் தேதியும் ‘குத்தினது’ என்றும் எழுதினார்.

“வியாழக்கிழமை லாரி வரும். அதுவரைக்கும் இங்க கெடக்கட்டும். நீங்க நிம்மதியா வீட்டுக்குப் போங்க.”

சார் கையெடுத்துக் கும்பிட்டார். “மத்தியானத்துலேர்ந்து இதோட உசிரக் கையில புடிச்சுக்கிட்டு அலையறோங்க. நீங்க ஒருத்தர்தான்...”

“பரவால்ல சார். கோவம் வந்தாலும் என்ன பண்றது, இதைக் கையில வெச்சுக்கிட்டு வர்றவங்கள திருப்பி அனுப்ப மனசு வருமா?” அவர் மைத்துனனைப் பார்த்தார். “குத்தினது தம்பிதானா?”

“லேசாண்ணே,” என்றான் மைத்துனன் தரையைப் பார்த்தபடி.

“வீட்ல இன்னும் பழைய போன், பழைய லேப்டாப் இருந்தா எடுத்துப் பாருங்க. உப்பியிருந்தா சார்ஜ் போடாதீங்க, அமுக்காதீங்க. எனக்கு ஒரு போன் பண்ணுங்க.”

வெளியே சந்துக்கு வந்ததும் சார் சுவரில் சாய்ந்து, அன்றைக்கு முதல்முறையாக நெஞ்சு நிறைய மூச்சு விட்டார். உலகத்தில் எங்கோ ஒரு இடத்தில் ஒரு வேலை அது நடக்க வேண்டிய விதத்தில் நடக்கிறது என்பதை நினைத்து அவருக்கு அழுகையே வந்தது.

காலிப் பெட்டியோடு அந்தப் பெண்ணும் வெளியே வந்தாள். அவள் கழுத்து அட்டையை சார் இப்போதுதான் படித்தார். ‘பேட்டரி சேகரிப்பு மையம் - மேற்பார்வையாளர்.’

“மேடம், ஒரு நிமிஷம்,” என்றார். “உங்க மையத்துல என்ன ஒரு ஆள வெச்சிருக்கீங்க! இவ்வளவு சுத்தமா, இவ்வளவு பொறுப்பா ஒரு அலுவலகத்த நான் பாத்ததே இல்ல.”

அந்தப் பெண் தெருவில் யாராவது இருக்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“எங்க மையம் அடுத்த தெருவுல இருக்கு சார், இவரு முன்பக்கம் பஞ்சு மெத்தைக் கடை வெச்சிருக்காரு, நோட்டீஸ்ல ஒரு நம்பர் தப்பா அச்சாகி எல்லாரும் இவருக்கே போன் பண்ண ஆரம்பிச்சாங்க, பயத்துலயே பாவம் எல்லாத்தையும் கத்துக்கிட்டாரு, எங்களைவிட நல்லாப் பாத்துக்கறாரேன்னு இப்ப நாங்களும் எங்களுது எல்லாத்தையும் இங்கயே கொண்டாந்து குடுத்துடறோம்.”